வெளி மாநில வக்கீலும் ஒரு வழக்கு அனுமதியும்

தேர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் கடை போட அனுமதி வாங்கியவருக்கும், கடைவீதியில் சொந்தக் கடை வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னவரைக் ‘கடையை எடு’ என்றால் எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் வெளி மாநில வக்கீலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அந்நாட்டுடன் ஏற்றுமதி, இறக்குமதி வியாபாரம் செய்வோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வக்கீல்களைப் பதிவு செய்கிறது. நியூயார்க்கில் பதிவு பெற்றவர், ஒகாயோ மாநிலக் கோர்ட்டில் தாமாகப் போய் வாதாட முடியாது. அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி பெற வேண்டும். இதற்கு ‘புரோ ஹாக் வீசே’ என்று லத்தீன் மொழியில் பெயர். ‘இந்தத் தடவைக்கு மட்டும்’ என்று பொருள். பெரும்பாலும் உள்ளூர் வக்கீல் ஒருவரும் உடன் இருக்க வேண்டும்.

வெளியூர் வக்கீல் எதற்கு என்று கேட்கலாம். 1735-இல் நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஜெங்கர் என்ற அச்சகக்காரர் மீது, கவர்னரை அவதூறாக எழுதியதாக வழக்கு வந்தது. அவருக்காக நின்ற இரண்டு உள்ளூர் வக்கீல்களின் பெயரையும் தலைமை நீதிபதி பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். பிலடெல்பியாவிலிருந்து ஆண்ட்ரூ ஹாமில்டன் வந்து வாதாடினார். ஜெங்கர் விடுதலையானார். உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது வெளியூர்க்காரரே துணை.

ஆனால் இந்த அனுமதி எவ்வளவு உறுதியானது? 1977-இல் ஒகாயோவில் லாரி பிளிண்ட் என்ற பத்திரிகை அதிபர் மீது, சிறுவர்களுக்குத் தீங்கான அச்சுப் பொருளைப் பரப்பியதாக வழக்கு நடந்தது. அவருடைய நியூயார்க் வக்கீல்கள் இருவரின் பெயர்களும் வழக்கமான வருகைப் படிவத்தில் இருந்தன. முதல் நீதிபதி அதில் கையெழுத்திட்டார். வழக்கு வேறு நீதிபதியிடம் போனதும், இருவரும் வாதாடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். விசாரணையும் இல்லை. விஷயம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அவர்கள் முறைப்படி தனி அனுமதி கேட்கவேயில்லை என்பதைக் கோர்ட் சுட்டிக்காட்டியது. வெளி மாநில வக்கீலுக்கு வாதாடும் உரிமையை நாட்டின் அரசியல் சட்டம் தரவில்லை, ஆகவே மறுக்குமுன் விசாரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 1979-இல் தீர்ப்பாயிற்று. நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, ஹாமில்டனின் வழக்கையும் அதில் எடுத்துக்காட்டினார்.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. பல பெரிய கம்பெனிகள் பதிவாகியுள்ள டெலவேர் மாநிலத்தின் விதிப்படி, கொடுத்த அனுமதியைக் கோர்ட் தானாகவோ, கட்சிக்காரர் கேட்டோ ரத்து செய்யலாம். ஆனால் அதற்கு முன் அந்த வக்கீல் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். இதுவே நியாயமான முறை என்பது என் கருத்து. ஏனென்றால் தண்டனை வக்கீலோடு நிற்பதில்லை. கட்சிக்காரர் புது வக்கீல் தேட வேண்டும், கட்டுகளை முதலிலிருந்து படிக்கவைக்க வேண்டும், மறுபடி பீஸ் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவானவர் நாடெங்கும் தொழில் செய்ய உரிமை தருகிறது. இப்பிரிவு 2011 ஜூன் 15-இல்தான் அமலுக்கு வந்தது. இருந்தாலும், அலகாபாத் ஹைகோர்ட்டின் பட்டியலில் இல்லாத வக்கீல், பட்டியலில் உள்ள ஒருவருடன் சேர்ந்தே ஆஜராக வேண்டும் என்ற விதியை 2016-இல் நம் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது.

ஆகவே அமெரிக்காவில் வழக்கு நடத்த நேர்ந்தால் இந்தக் காரியங்களைச் செய்யுங்கள். வக்கீல் அந்த மாநிலத்தில் பதிவானவரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அனுமதி உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள். படிவத்தில் விழுந்த கையெழுத்தை நம்பாதீர்கள். உள்ளூர் வக்கீலும் வழக்கை முழுதாகப் படித்திருக்கட்டும். அனுமதி பறிபோனால் பீஸ் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். சரக்குக்கு ரசீது கேட்கும் நாம், வக்கீலிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.