சோலைமந்தியும் குடற்புழுக்களும்

ஆனைமலைக் காடுகளில் சோலைமந்திக் கூட்டத்தைப் பின்தொடரும் ஆய்வாளர்கள், கையில் சிறு குப்பிகளோடு நடக்கிறார்கள். எச்சம் விழுந்ததும் சிறிதளவு எடுத்து ஃபார்மலினில் இட்டு மூடிவிடுவார்கள். குரங்கைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ தேவையில்லை. ஆய்வகத்தில் அந்த எச்சத்தை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி வைத்தால் கசடு அடியில் தங்கும்; புழுக்களின் முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த வகைப் புழுவின் முட்டை என்று பெரும்பாலும் வடிவமே சொல்லிவிடும். சாட்டைப்புழுவின் முட்டை எலுமிச்சை போல இருக்கும், இரு முனையிலும் அடைப்போடு.

காட்டுக் குரங்கின் குடலில் ஓரளவு புழுக்கள் இருப்பது இயல்புதான். பெருகினால்தான் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் வரும். நோய் கண்ணுக்குத் தெரியாதபோதும் பாதிப்பு உண்டு. உகாண்டாவின் கிபாலே காட்டில், சாட்டைப்புழு தொற்றிய சிவப்புக் கொலோபஸ் குரங்குகள் அதிக நேரம் ஓய்வெடுத்தன; பேன் பார்ப்பதும் இணைசேர்வதும் குறைந்தன; மரப்பட்டையைக் கூடுதலாகத் தின்றன.

சாட்டைப்புழு, உருண்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றுவதில்லை. ஈரமண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். எனவே மரவுச்சியில் வாழும் விலங்குக்கு அந்த உயரமே ஒரு காப்பு. சோலைமந்தி அப்படி வாழ்ந்த விலங்குதான்.

ஆனைமலையிலுள்ள வால்பாறையில் 1890-களிலிருந்து தேயிலையும் காப்பியும் பரவியதால் மழைக்காடு துண்டுதுண்டானது. கிளைகளின் தொடர்ச்சி அறுந்த இடங்களில் மந்திகள் தரையில் இறங்குகின்றன. புதுத்தோட்டம் பகுதியில் அவை சாலையைக் கடக்கின்றன, குடியிருப்புகளுக்குள் வருகின்றன, குப்பையில் இரை தேடுகின்றன. ஆனைமலைச் சோலைமந்திகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, குடியிருப்புகளை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் வாழும் கூட்டங்களில் ஒட்டுண்ணி வகைகள் அதிகம் என்று காட்டியது. இந்த ஒட்டுண்ணிகளில் சில மனிதருக்கும் குரங்குக்கும் பொதுவானவை. தொற்று இரு திசையிலும் போகலாம்.

காட்டுக் கூட்டத்துக்குக் குடற்புழு மருந்து கொடுத்து மாளாது. கொடுத்தாலும் அதே மண்ணில் மீண்டும் தொற்றும். மந்திகளைத் தரையிலிருந்து மேலே அனுப்புவதே நிலையான மருத்துவம். சாலைக்கு மேலே மரங்களை இணைத்துக் கட்டிய பாலங்களும், சிதைந்த காட்டுத் துண்டுகளில் நட்டு வளர்க்கும் சோலை மரங்களும் அதைத்தான் செய்கின்றன. குப்பைத் தொட்டிக்கு மூடியும் குடியிருப்புகளுக்கு நல்ல கழிப்பறையும் மனிதரைப் போலவே மந்தியையும் காக்கும். சுற்றுலா வருபவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் நீட்டும் ஒவ்வொரு தின்பண்டமும் அதைத் தரைக்கு இறக்குகிறது.