வானலையில் வந்த மாற்றம்

தொலைக்காட்சி நிலையங்கள் வானலைகள் வழியே அனுப்பும் நிகழ்ச்சிகளை வீட்டுக் கூரையிலுள்ள ஆன்டெனா கட்டணமின்றி ஏற்றுத் தருகின்றது. படத்தையும் ஒலியையும் எண்குறிகளாக மாற்றி அனுப்புதல் டிஜிட்டல் முறை எனப்படும். ஓர் அலைவரிசையிலேயே பல நிகழ்ச்சிகளைச் செலுத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஆயினும், பழைய பெட்டிகள் மாற்றுக்கருவியின்றி இவ்வலைகளை ஏற்கமாட்டா.

அமெரிக்க நாட்டில் முழு ஆற்றல் நிலையங்களின் பழைய முறை ஒளிபரப்பு 2009 பிப்ரவரி 17-ஆம் நாள் நிற்கவிருந்தது. நிலையங்கள் பன்முறை அறிவித்தும், முதியோரும் வறியோரும் உள்ளிட்ட இல்லத்தார் பலர் ஆயத்தமாகவில்லை. மாற்றுக்கருவி வாங்க அரசு அளித்த 40 டாலர் சீட்டுகளுக்குரிய நிதியும் போதவில்லை. ஆதலின், அந்நாள் ஜூன் 12-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

நிலையம் மாறினால் மட்டும் போதாது. கடைக்கோடி இல்லத்திலும் படம் தெரிதல் வேண்டும். அஃதன்றோ ஒளிபரப்பின் பயன்!