சீக்கிரம் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்

தோலில் நிறத்தைக் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். அழகுசாதனக் கடையில் ஏமாறாமல் இருக்க இந்த ஒரு செய்தி போதும் என்பேன். மேலைநாடுகளில் கோடை பிறந்தால் வெளிறிய தோலைப் பழுப்பாக்கும் லோஷன்கள் விற்பனைக்கு வந்துவிடும். வெயிலில் படுக்காமலே வெயில் பட்ட நிறம் வரும் என்பது அவற்றின் வாக்குறுதி. அதைப் பெரும்பாலும் காப்பாற்றவும் செய்கின்றன. டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள் ஒன்றுதான் உள்ளே இருக்கும் சூட்சுமம். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், வளர்சிதைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துவந்தார். சிந்திய இடத்தில் தோல் பழுப்பேறியதையும் துணியில் கறை படியாததையும் கவனித்தார். 1960 வாக்கில் அது கடைச்சரக்காகிவிட்டது. தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு இந்தச் சர்க்கரை வினைபுரிந்து பழுப்பாகிறது. தோசை முறுகும்போது நடப்பதும் இதே வகை வேதிவினைதான். அந்த இறந்த அடுக்கு உதிர்ந்ததும், ஐந்து முதல் ஏழு நாளில், நிறமும் போய்விடும். உயிருள்ள தோலுக்குள் அது பெரிதாக எதையும் செய்வதில்லை. அது ஓரளவு பாதுகாப்பான பொருளாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவை குறைவு. ஆணழகன் போட்டி மேடையில் ஏறும் இளைஞர் தசைக்கோடுகள் எடுப்பாகத் தெரிவதற்காக உடம்பெல்லாம் பழுப்புப் பூசிக்கொள்வார். பணம் கொடுத்துக் கருப்பாகும் தமிழரை வேறெங்கும் பார்ப்பது அரிது. வெண்புள்ளி உள்ளவர்கள் சிலர் அந்த இடங்களை மறைக்கத் தோல் மருத்துவர் ஆலோசனையோடு இந்த லோஷனைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பார்த்துவிட வேண்டும். கண், உதடு, மூக்குத் துவாரம் ஆகியவற்றில் படக் கூடாது, தெளிப்பானாக இருந்தால் மூச்சில் இழுக்கக் கூடாது. முழங்கை, முட்டிபோல் தடித்த தோல் உள்ள இடங்களில் நிறம் அதிகம் பிடிக்கும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. வெண்புள்ளிக்கு வெயில் காப்பு தனியாக வேண்டும். இவ்வளவுதான் இதில் சொல்ல வேண்டியது.

நம் ஊரில் ஆசை எதிர்த்திசையில் ஓடுகிறது. ‘கருத்துப் போச்சு’, ‘டேன் ஆயிடுச்சு’ என்று வருபவருக்கு அழகுநிலையத்தில் ‘டேன் ரிமூவல்’ செய்கிறார்கள், மருந்துக்கடையில் ஒரு டியூபை எடுத்துக் கொடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பெயர் தெரியாத ‘நைட் கிரீம்’ டப்பா விலைக்கு வருகிறது. நிறத்தைக் கூட்டும் லோஷனுக்கு இறந்த அடுக்கே போதும். குறைக்கும் கிரீமுக்கு அது போதாது. கருமையைத் தரும் மெலனின், மேல்தோலின் அடித்தளத்தில் உள்ள உயிருள்ள செல்களில் உருவாகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் கிரீம் அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு செல்லின் வேலையை நிறுத்த வேண்டும். அப்படிச் செய்வது அழகுசாதனம் அல்ல. மருந்து, இல்லையென்றால் நஞ்சு. முறையான பொருள்கள் இதை மெல்லத்தான் செய்யும். நியாசினமைடு, அசிலாயிக் அமிலம் போன்றவை பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். மேல்தோல் முழுவதும் புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கிறது. ஆகவே, ஒரு வாரத்தில் முகம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தால், சட்டப்படி அழகுசாதனத்தில் இருக்கக் கூடாத ஏதோ ஒன்று அந்த டப்பாவில் இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும்.

‘பார்லரில் ஒரே மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடுகிறதே’ என்று கேட்கலாம். உண்மைதான். பிளீச் முகத்தின் பூனைமுடியை வெளுக்கிறது, ஸ்கிரப் அழுக்கையும் இறந்த செல்லையும் தேய்த்து எடுக்கிறது, கிரீமில் உள்ள வெள்ளை நிறமித்தூள் மேலே படிகிறது. இந்த மினுக்கெல்லாம் மேற்பரப்போடு சரி, ஓரிரு நாளில் மங்கிவிடும். மங்காமல் கூடிக்கொண்டே போகும் வெளுப்புதான் கவலைக்குரியது. அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பவை இரண்டு: பாதரசம், ஸ்டீராய்டு.

பாதரசத்தின் கதை நீலகிரியில் இருக்கும் நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. நீலகிரியின் எல்லையைத் தொட்டிருக்கும் மலப்புறத்தில், கோட்டக்கல் நகர மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் நெல்-1 என்ற அரிதான அடையாளம் தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசிவந்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2024இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. இதே நோய்க்கும் பாதரசம் கலந்த நாட்டுமருந்துகளுக்கும் உள்ள தொடர்பை வேறு மருத்துவர்கள் 2022இலேயே எழுதியிருந்தார்கள். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனையைத் தொடங்கியது. பின்னர் நடந்த சோதனைகளில் சில மாதிரிகளில் அனுமதித்த அளவைப்போல் சுமார் 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக அந்த மாநில அரசு அறிவித்தது. மெலனினை உருவாக்கும் நொதிக்குத் தாமிரம் தேவை. பாதரசம் அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பிடித்து நொதியை முடக்குகிறது. முகம் வெளுப்பது அதனால்தான். தோல் வழியே உள்ளே போகும் மிச்சம் சிறுநீரகத்தில் சேர்கிறது. பூசுபவரோடு நிற்பதும் இல்லை: தலையணை, துண்டு, கை என்று பரவி வீட்டுக் குழந்தைகளின் உடலிலும் பாதரசம் காணப்பட்டதை அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு இன்னும் நெருக்கமான ஆபத்து, ஏனென்றால் அது பக்கத்து மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. 2011இல் வெளியான பல மருத்துவமனைகள் சேர்ந்த இந்திய ஆய்வு, முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தது. 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேருக்கு அது சிவப்பழகு கிரீம், இல்லையென்றால் ஷேவிங்குக்குப் பின் பூசும் கிரீம். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. முதல் சில வாரம் முகம் அழகாகத்தான் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக்குழாய் சிவந்து தெரிந்து, பரு வெடித்து, முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் பன்மடங்காகும், மறுபடி பூசினால் அடங்கும். அதனால் விட முடியாமல் போகிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சீட்டு கேட்காமல் அந்த டியூபை நீட்டும் கடைக்காரர் உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறார்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்துமே, நீலகிரி மலைமேல் உள்ள நம் சோலூருக்கென்று என்ன இருக்கிறது? உயரம் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உதகையின் உயரம் 2,240 மீட்டர். சோலூரும் அதே மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கும் ஊர். மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கதிர் இங்கே விழுகிறது. புற ஊதாக் கதிர் சுடாது. சூடு தெரிவது வேறு கதிரால். ஆகவே காற்று குளிர்ந்திருக்க, மேகம் லேசாக மூடியிருக்க, கேரட் தோட்டத்திலும் தேயிலைக் காட்டிலும் நிற்பவர் வெயிலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் இந்த மலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கோடை விழாவுக்கு வருகிறவர் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு மூக்கும் கன்னமும் எரிந்து திரும்புவதன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் கருமை ஒரு குறை அல்ல, வேலை செய்யும் உறுப்பு. 1979இல் பிலடெல்பியாவில் நடந்த அளவீட்டில், கறுப்பினத்தவரின் மேல்தோல் சுமார் எஸ்.பி.எஃப். 13 அளவுக்குத் தடுப்பு தந்தது, வெள்ளையரின் மேல்தோல் சுமார் 3 அளவுக்கு மட்டுமே. நம் தோல் இடைப்பட்டது. அந்த இயற்கைக் காப்பைப் பாதரசத்தால் அழித்துவிட்டு, ஸ்டீராய்டால் தோலையும் மெலியவைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போவது சமவெளியில் வீட்டுக்குள் இருப்பவர் அதையே செய்வதைவிடக் கேடானது. முகம் மறுபடி கருக்கும், மறுபடி கிரீம் வாங்க வேண்டும். விற்பவருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். இயற்கை வைத்தியமும் எல்லாம் நல்லதல்ல. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் சாற்றில் உள்ள பொருளும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் மறையாத கரும்பட்டை விட்டுச்செல்லும்.

சன்ஸ்கிரீன் வாங்கக் கூலி கட்டுமா என்ற கேள்வி நியாயமானது. தினமும் தேவையான அளவு பூசினால் ஒரு டியூப் அதிக நாள் வராது. அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, பத்து மணி முதல் மூன்று மணிவரை முடிந்தபோதெல்லாம் நிழல் ஆகியவை அதைவிட மலிவானவை, பலனும் குறைந்தவை அல்ல. தேயிலை பறிக்கும் பெண்கள் தலையோடு போர்த்தும் துணியும், படுகப் பெண்கள் தலையில் கட்டும் வெள்ளைத் துணியும் இந்த வேலையில் பாதியை ஏற்கெனவே செய்கின்றன. முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் என்றால் செலவும் சுருங்கும்.

‘என் முகம், என் விருப்பம்’ என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. கருப்பு நிறத்தை இழிவாகக் காட்டும் விளம்பரங்களைக் கூடாதென்று இந்திய விளம்பரத் தரக் கழகம் 2014இல் நெறிமுறை வகுத்தும், பெரிய நிறுவனங்கள் தங்கள் கிரீம்களின் பெயரை மாற்றியும், ஆசை அப்படியே இருக்கிறது, அதை ஒரு கட்டுரை மாற்றாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்வது விருப்பம் ஆகாது. தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் விவரமும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். கண்ணுக்கல்லாத மற்ற கிரீம்களில் தற்செயலாகக் கலந்த பாதரசமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சேர்மானத்தில் ‘கலோமெல்’, ‘மெர்க்குரி’, ‘மெர்க்கூரிக்’ என்று இருந்தாலும், ‘தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் வைக்கவும்’ என்று எழுதியிருந்தாலும் அது பாதரசத்தின் அடையாளம். டியூபில் ‘ஆர்.எக்ஸ்’ குறி இருந்தால் அது மருந்து. லேபிளே இல்லாத டப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பில் வாங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறும் உரிமையை எந்தக் குடிமகனுக்கும் தருகிறது. பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடமும் புகார் தரலாம். இழப்பீடு கேட்க உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தயாரிப்பாளர், விற்றவர், அழகுநிலையம் ஆகிய எவரையும் எதிர்த்தரப்பாக்கலாம். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் உண்டு. 79 ரூபாய் கிரீமுக்காக யார் அலைவது என்று தோன்றும். 2013இல் டெல்லியில் ஒருவர் அதே விலைக்கு ஆண்கள் சிவப்பழகு கிரீம் வாங்கி, சொன்னபடி நிறம் வரவில்லை என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் அங்குள்ள மாவட்ட ஆணையம் நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் தண்டத்தொகை விதித்தது. பதினோரு ஆண்டு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு உடலில் கேடு எதுவும் நேரவில்லை, விளம்பரம் பொய்த்தது மட்டுமே வழக்கு. சிறுநீரக அறிக்கையும் சோதனை அறிக்கையும் கையில் உள்ளவரின் மனு அதைவிட வலுவானது.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் என்ன செய்வது? லேபிள் இல்லாத கிரீமானால் அன்றே நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனையில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். பூசுவதை நிறுத்தியதும் பலருக்குச் சிறுநீரகம் தேறுகிறது. ‘வருஷக்கணக்காகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பவருக்கும் அந்தச் சோதனை தேவை, ஏனெனில் தொடக்கத்தில் இந்த நோய் வலிக்காது. ஸ்டீராய்டு டியூபை மட்டும் தானாகத் திடீரென்று நிறுத்தாமல், உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் வேகத்தில் விட வேண்டும். மிச்சக் கிரீமை அடுப்பில் போடாதீர்கள், பாதரசம் ஆவியாகி வீட்டையே நிரப்பும். ஓடையிலும் கொட்டாதீர்கள். டப்பாவை இறுக மூடி, இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, பில்லோடு குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்து ஆய்வாளர் கேட்டால் கொடுக்க வேண்டியது அதுதான்.