எஞ்சின் எண்ணெய் எங்கே போகிறது?

பழைய டிராக்டரில் எஞ்சின் எண்ணெய் விரைவில் குறைந்தால், எஞ்சினை உடனே பிரித்துவிட வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அது பெருஞ்செலவு. எண்ணெய் எவ்வழியே போகிறதென்பதை முதலில் நாம் கண்டறிதல் நன்று.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின்னர் அளவுக் கம்பியால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஊற்றிய எண்ணெயின் அளவையும் எஞ்சின் ஓடிய மணிகளையும் நோட்டில் குறித்து வருதல் அவசியம். இரவில் எஞ்சினுக்கடியில் அட்டையொன்றை விரித்து வைத்தால் கசிவு காலையில் தெரிந்துவிடும்.

கசிவு இல்லையெனில் எண்ணெய் உள்ளேயே எரிகிறது எனலாம். இதற்குப் புகையே சான்று. கரும்புகை டீசல் சரிவர எரியாததைக் குறிக்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும். நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை தோன்றி மறைந்தால், வால்வு கைடுகள் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் மேற்பகுதியை மட்டும் கழற்றி இதனைச் சீர்செய்யலாம். உழும்போது இடைவிடாது நீலப்புகை வந்து, பிரீதர் குழாயிலும் புகை வேகமாக வெளிப்பட்டால், பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கக்கூடும். அப்போதுதான் எஞ்சினை முழுவதும் பிரித்தல் தேவைப்படும்.

காற்று வடிகட்டி அழுக்கேறினால் புழுதி உட்புகுந்து ரிங்குகளைத் தேய்க்கும். அதனைத் தவறாது தூய்மை செய்தல் வேண்டும்.

எண்ணெய் மட்டம் குறையாமல் உயருமாயின், டீசலோ நீரோ கலக்கிறதென்று பொருள். அந்நிலையில் எஞ்சினை இயக்கலாகாது.

குறிப்பு நோட்டுடன் மெக்கானிக்கை அணுகினால், ஊராட்சியின் பணமும் உழவரின் பருவமும் வீணாகா.