நாவலும் நகைச்சுவையும்

குருமடத்தில் பயின்ற நாள்களில், நாவல் படிப்பது பொழுதை வீணாக்குவது என எண்ணியிருந்தேன். அண்மையில் படித்த இரு நூல்கள் அவ்வெண்ணத்தை மாற்றின.

ஒன்று, 1977-இல் வெளிவந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. மணப்பாட்டுக் கத்தோலிக்க மீனவர் வாழ்வைச் சித்திரிப்பது. லாஞ்சுகள் பெருகிய காலத்திலும், தம் வல்லத்தைப் பிரிய மனமின்றித் தவிக்கிறார் குரூஸ் மிக்கேல்.

படிக்கையில் நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் கண்முன் வந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபின், கறை படிந்த படகை விற்றுவிடும்படி அவருக்கு எளிதாக அறிவுரை கூறியிருந்தேன். அவரோ மறுமொழியின்றி எழுந்து போனார். அந்த மௌனத்தின் பொருளை நாவலே எனக்கு உணர்த்தியது. மறுநாளே அவரது இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

கையோடு கொண்டுசென்றது பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி கதைகள். பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவியான சீதாப்பாட்டியிடம் அப்புசாமி அகப்பட்டு விழிக்கும் பகுதியை வாசித்துக் காட்டினேன். பெரியவர் தம் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார், அம்மையாரும் சிரித்துவிட்டார். அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டு மாதங்கள் பல ஆயின என்றாள் மகள்.

அன்புப் பெற்றோரே, பிள்ளைகள் கதைநூல் கேட்டால் உடனே தடுக்காதீர்கள். முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள்.