அசைவூட்டக் கலையும் குறுக்குவழியும்

திரையிலே ஒரு விநாடி ஓடுவதற்கு இருபத்துநான்கு சட்டங்கள் வேண்டும். ஒரு நிமிடத்திற்கு 1,440. அத்தனையையும் கையால் வரைவதெனில் ஓர் ஓவியனின் ஆயுளிலே எத்தனை நிமிடங்கள் தேறும்? அசைவூட்டக் கலையின் வரலாறு இந்த உழைப்பைச் சுருக்கக் கண்ட உபாயங்களின் வரலாறுமாகும்.

1914இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மக்கே 'கேர்ட்டி' என்னும் டைனோசரைத் திரையில் நடமாடவிட்டார். அப்போது, அசையாத பின்னணியையுங்கூடத் தாள்தோறும் திரும்பத் திரும்ப வரையவேண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதியிலே ஏர்ல் ஹேர்ட் என்பார் ஒரு வழி கண்டார். ஒளி ஊடுருவும் செலுலோயிட் தகட்டிலே பாத்திரத்தை மட்டும் வரைந்து, ஒரே பின்னணியின்மேல் வைத்துப் படம்பிடிக்கும் அம்முறைக்கு 1915இற் காப்புரிமை கிடைத்தது.

ஓவியரின் பென்சிற் கோடுகளை மையினால் தகட்டிற் படியெடுப்பது நெடுங்காலம் பெண்களின் நுண்பணியாயிருந்தது. 1961இல் வெளிவந்த டிஸ்னியின் டல்மேஷியன் நாய்களின் கதையிலே அப்பணியை ஸெரொக்ஸ் முறை ஏற்றுக்கொண்டது. எண்ணற்ற கரும்புள்ளிகள் கொண்ட நாய்க்கூட்டத்தை அம்முறையே சாத்தியமாக்கிற்று. ஓவியரின் சொந்தக் கோடே திரையேறியது. ஆயின், மைக்கோட்டின் மென்மையும் அப்பெண்கள் பலரின் தொழிலும் மறைந்தன.

இன்று இக்கேள்வி கணினியின் முன் எழுகின்றது. 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கும் 'பிளெண்டர்' இதற்குத் தக்க உதாரணம். அதிலே ஒரு விசையை அழுத்தினால் பாத்திரத்தின் நிலை பதிவாகும். இரு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவைக் கணினியே கணித்து நிரப்பும். இடக்கால் முன்வைத்த நிலையைப் பிரதியெடுத்துக் கண்ணாடி விம்பம்போற் புரட்டி ஒட்டினால், வலக்கால் முன்வைத்த நிலை கிடைக்கும். நூறு பொருள்களுக்கு ஒரே மாற்றத்தைச் செய்யவேண்டுமாயின், பைதன் மொழியில் எழுதிய சிறு நீட்சி அதை ஒரு நொடியில் முடிக்கும். லத்வியா நாட்டவரான கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் சிறியதொரு குழுவுடன் பிளெண்டரில் ஆக்கிய 'ஃப்ளோ' 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது. பெரும் பணமில்லாதாருக்கும் இக்கருவிகள் கதவு திறந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், ஓர் அபாயமும் உண்டு. கணினி தானே நிரப்பும் இடையசைவு வழுவழுப்பானது. கிழவனின் நடைக்கும் குழந்தையின் நடைக்கும் அது வேறுபாடறியாது. புரட்டி ஒட்டிய காலடியிலே நொண்டியின் தயக்கம் இராது. முற்காலக் கலைக்கூடங்களில் இளைஞர் இடைச்சித்திரம் வரைந்தே அசைவின் இலக்கணத்தைக் கற்றனர். அந்தப் பயிற்சிப் படியை இயந்திரம் அகற்றிவிட்டது.

ஆகவே, ஆசிரியர்கள் மாணாக்கருக்கு முதலில் குறுக்குவிசைகளின் பட்டியலைக் கொடுத்தல் தகாது. ஒரு நடையையாவது சட்டம் சட்டமாகக் கையால் வரையச் செய்க. பின்னர் நீட்சிகளைக் கொடுக்க. சிந்தனை வேண்டாத வேலையை இயந்திரத்திடம் விடலாம். கால் எந்தக் கணத்தில் நிலத்தைத் தொடவேண்டும், எங்கே ஒரு கணம் தயங்கவேண்டும் என்னும் தீர்ப்போ கலைஞனுக்கே உரியது. குறுக்குவழியால் மிஞ்சிய நேரத்தை அத்தீர்ப்புக்குச் செலவிடுபவனே அதனாற் பயன்பெற்றவனாவான்.