மோதுவதற்கென்றே ஒரு கார்

மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை 'டெமாலிஷன் டெர்பி'க்குத் தயார் செய்துகொண்டிருந்தார். கார்களை ஒன்றோடொன்று மோதவிடும் பந்தயம் அது. கடைசிவரை நகரும் கார் ஜெயிக்கும். ஓடுகிற வண்டியை உடைப்பதா என்று எனக்கு வயிறு எரிந்தது, போகட்டும்.

முன்னால் மோதினால் ரேடியேட்டர் உடைந்து, எஞ்சின் சூடேறி நின்றுவிடும். ஆகவே பின்புறத்தால்தான் இடிப்பார்கள். வேகனுக்குப் பின்பக்கம் நீளம். அதனால் அதற்கு மவுசு. ஆனால் பெட்ரோல் டாங்க் இருப்பதும் அங்கேதான்! அதைக் கழற்றிவிட்டு, பின்சீட் இருந்த இடத்தில் சிறு டாங்க் ஒன்றை இறுகக் கட்டினார். கண்ணாடிகளை எடுத்தார், கதவுகளை வெல்டிங் வைத்தார். ஓட்டுநர் கதவில் யாரும் இடிக்கக்கூடாது என்பது விதி. ஓட்டப்போவது அவர் மகன். டாங்க் பட்டையைத் தினமும் இழுத்துப் பார்த்தார்.

பையன் நான்காவதாக வந்தான். வண்டி பழைய இரும்புக்கு எடை போடப்பட்டது.